லுஹருக்கு நிற்காத வேன்

அத்தியாயம் பதினொன்று

கணவனை இழந்து வீட்டோடு இத்தாவில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு உலகத்தில் யார் வேண்டுமானாலும் அறிவுரை சொல்லலாம். அவள் எழுந்து வெளியே போய்விட மாட்டாள் என்ற தைரியம் எல்லாருக்கும் இருக்கிறது.

இரண்டு மாதமாக உக்குவளையில் நிஷ்மியாவின் வீட்டுக்கு வந்த பெண்கள் அத்தனை பேரும் ஒரு பிளேன்டீயைக் குடித்துவிட்டு ஓர் அறிவுரையை வைத்துவிட்டுப் போனார்கள். "பொறுமையா ஈங்க." "வீட்டை வாடகைக்குக் குடுத்துட்டு மச்சான் வீட்டோட போய் ஈங்க." "இந்த டூர் கீர் எல்லாம் இனி என்னத்துக்கு?" எல்லாவற்றுக்கும் நிஷ்மியா தலையை ஆட்டினாள். ஒத்துக்கொண்டுவிட்டாள் என்று நினைத்து அவர்களும் சந்தோஷமாகப் போனார்கள். பாவம்!

புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்காக நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நிஷ்மியாவின் கணவர் நுஹ்மான் வேன் வைத்திருந்தவர். கிழமை நாட்களில் பள்ளிப் பிள்ளைகள், சனி ஞாயிறில் பயணங்கள். ஒரு வியாழக்கிழமை வேனைக் கழுவிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு எழும்பவில்லை.

அந்த வேனின் முன் சீட்டு நிஷ்மியாவுடையது. கல்யாணமான நாளிலிருந்து, எந்தப் பயணம் என்றாலும் அவளும் ஏறிக்கொள்வாள். ஊர் சுற்றுவதில் அப்படியொரு ஆசை. சோற்றுப் பானையை இறக்கி வைத்த கையோடு கதிர்காமப் பக்கம் போகச் சொன்னாலும் போவாள். போன இடத்தில் எந்த லொட்ஜில் படி குறைவு, எந்தக் கடையில் கறிக்குக் காரம் கூட என்பதெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஊரில் யார் பயணம் போவதானாலும் அவளிடம் வந்து கேட்டுவிட்டுத்தான் போவார்கள்.

"ஓசியில புத்தி செல்றத ஒரு தொழிலாச் செய்ங்களேன் உம்மா" என்று சொன்னது மகள் அம்றா. பேஸ்புக்கில் ஒரு பக்கம் திறந்து, 'ஆளுக்கேற்ற பயணம்' என்று பெயரும் வைத்துக் கொடுத்தாள். மூன்று வருடமாகிறது. வருகிற ஒவ்வொருவரிடமும் நிஷ்மியா முதலில் நூறு கேள்வி கேட்பாள். முழங்கால் வலிக்குமா, எத்தனை மணிக்குப் பசிக்கும், உயரத்துக்குப் பயமா, கூட வருகிறவரோடு கோபமா என்றெல்லாம் கேட்டுவிட்டு, அந்த ஆளுக்கென்றே ஒரு பயணம் தைத்துக் கொடுப்பாள். மாமியாரை விட்டு ஒரு மணித்தியாலம்கூடப் பிரிய முடியாத ஒரு புதுப் பெண்ணுக்கு, மாமியாரின் முழங்காலால் ஏற முடியாத இடங்களாகப் பார்த்து ஒரு பயணம் போட்டுக் கொடுத்தாளே, அதை இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

அவள் திட்டம் போடுவாள், அவர் ஓட்டுவார். இப்போது ஓட்டுகிறவர் இல்லை.

போன வாரம் நுஹ்மானின் தம்பி அன்ஸார் வந்து, வேனுக்கு ஆள் வந்திருப்பதாகச் சொன்னார். "ஞாயித்துக்கிழமை பின்னேரம் வாங்க, பதில் செல்றேன்" என்று திரைக்குப் பின்னால் இருந்து நிஷ்மியா சொன்னாள். இத்தாவில் வேற்று ஆண்கள் முன் வருவதில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைதான் இன்று.

அவள் ஏன் ஞாயிறு வரை தவணை கேட்டாள் தெரியுமா? இன்றைக்கு ஒரு பயணம் இருக்கிறது. நுஹ்மான் இல்லாமல் போகிற முதல் பயணம். அது நல்லபடியாக முடிந்தால், "வேன் விக்க இல்ல, தொழில விடவும் இல்ல" என்று அன்ஸாரின் முகத்துக்கு நேரே, அதாவது திரைக்கு நேரே, சொல்லிவிடலாம் என்று இருந்தாள். முடியாவிட்டால், வேனும் போய், தொழிலும் போய், அன்ஸார் வீட்டின் பின் அறையில் ஒரு மூலை. அவ்வளவுதான்.

மெல்போர்னிலிருந்து வந்திருந்த டிலுக்ஷி என்ற பெண்ணும், அவளுடைய அம்மா மரிய கொறற்றியும்தான் பயணிகள். மாத்தளை டவுனில் ஒரு விடுதியில் தங்கியிருந்தார்கள். காற்றில் சாய்ந்து நிற்கலாமாமே, அந்த ரிவர்ஸ்டன் மலையைப் பார்க்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. இன்றைய பயணம் பிடித்துப்போனால், அவருடைய சர்ச்சிலிருந்து பதினைந்து பெண்கள் டிசம்பரில் வருவார்கள். இலங்கை முழுவதும் சுற்ற வேண்டும், அதற்கும் நிஷ்மியாவே திட்டம் போட வேண்டும் என்று பேச்சு.

வீட்டில் இருந்தபடி போனில் பிழைப்பைப் பார்ப்பதில் தவறில்லை என்று, குர்ஆன் ஓதிக் கொடுக்க வரும் ஆலிமாவிடம் நிஷ்மியா கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தாள். மார்க்கத்தில் தடை இல்லை. தடை எல்லாம் ஊர் வாயில்தான்.

காலையில் வேனை ஓட்ட ஜெயகாந்த் வந்தான். முப்பது தாண்டியவன், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், ரத்தோட்டைக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன், கொழும்பில் லொறி ஓட்டியவன். அம்றா போய்ச் சாவியைக் கொடுத்தாள். நிஷ்மியா வாசலுக்கே போவதில்லை. ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றாள்.

"மிஸ், சீட்டு ரொம்பப் பின்னுக்கு இருக்கு. முன்னுக்கு இழுத்துக்கவா?"

"இழுங்க" என்றாள் அம்றா.

கறகறவென்று ஒரு சத்தம். அவ்வளவுதான். நுஹ்மான் நெட்டையான மனிதர். அந்தச் சீட்டு இத்தனை வருடத்தில் அசைந்ததே இல்லை. நிஷ்மியா ஜன்னலை விட்டு நகர்ந்து கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

அம்றா உள்ளே வந்து பார்த்தாள். "அழுறீங்களா?"

"இல்ல. தூசி."

"வீட்டுக்குள்ள என்ன தூசி?"

"நீ ஒழுங்காக் கூட்டினா தானே தூசி இல்லாம ஈக்க!"

அம்றா சிரித்துக்கொண்டே தேத்தண்ணி போடப் போனாள். டவுனில் ஒரு தனியார் பள்ளியில் ஆங்கிலம் படிப்பிக்கிறவள். வாப்பா போன பிறகு, பள்ளிக்கூடம் விட்டால் நேரே வீடு என்று ஆகிவிட்டாள். கூட்டாளிமார் கூப்பிட்டாலும் போவதில்லை. உம்மா தனியே இருப்பாளே என்று.

பகல் பாங்கு சொன்னது. நிஷ்மியா கைகால் முகம் கழுவி உளூச் செய்து, லுஹர் தொழ நின்றாள். தொழுதுகொண்டிருக்கும்போதே கட்டிலில் கிடந்த போன் நடுங்கத் தொடங்கியது. நின்றது. திரும்பவும் நடுங்கியது. ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்துவிட்டுப் பாய்ந்து எடுத்தாள்.

"நிஷ்மியா அன்ட்டி, நாங்க மேல வந்துட்டோம்" என்றாள் டிலுக்ஷி. காற்றின் இரைச்சலில் பாதி கேட்கவில்லை. "ஒண்ணுமே தெரியல்ல. முழுக்க முகில். பக்கத்துல நிக்கிற அம்மாவே தெரியல்ல!"

"மேலயா? இந்த நேரத்துக்கேயா?"

"ஓம். அம்மாவுக்கு அவசரமா டொய்லட் போகணும். இங்க எங்க இருக்கு?"

அந்தக் காற்றுவெளியில், கிட்டடியில் ஒன்றும் இல்லை. சுற்றிலும் புல்லும் பள்ளமும்தான். "ஜெயகாந்திட்டக் குடுங்க மகள்."

ஜெயகாந்தின் குரலில் பெருமைகூட இருந்தது. "ரோட்டு கிளியர் ஆன்ட்டி. ரெண்டு மணிக்குத்தானே போட்டிருந்தீங்க, வெள்ளனவே வந்துட்டோம்!"

"ரத்தோட்டையில எங்க நிப்பாட்டினீங்க?"

"நிப்பாட்டல்லியே. பிளான்ல ஒண்ணும் இல்லியே ஆன்ட்டி. டிலுக்ஷி மிஸ் கேட்டாங்க, எங்கயாச்சும் நிக்கணுமான்னு. பிளான்ல இல்ல, அப்ப மேல வசதி இருக்கும்னு சொன்னேன்."

நிஷ்மியா திட்டத்தைப் போனில் திறந்து பார்த்தாள். பதினொரு மணிக்கு மாத்தளை. இரண்டு மணிக்கு ரிவர்ஸ்டன். நடுவில் ஒன்றும் இல்லை. எந்தத் திட்டத்திலும் அவள் நடுவில் ஒன்றும் எழுதியதில்லை.

எழுத வேண்டி வந்ததில்லை. ரத்தோட்டை வந்ததும், "ஜமாஅத்துத் தொழுகை கெடச்சிடும்" என்று சொல்லிக்கொண்டே நுஹ்மான் பள்ளிவாசல் ஒழுங்கைக்குள் வேனைத் திருப்பிவிடுவார். லுஹருக்கு நிற்காமல் அவர் ஒரு நாளும் மலை ஏறியதில்லை. அவர் தொழப் போக, வேனில் வந்த பெண்கள் பள்ளியின் பெண்கள் பகுதிக்குப் போய் முகம் கழுவி, தேவையை முடித்துக்கொண்டு வருவார்கள். எதிர்க் கடையில் ஆளுக்கொரு தேத்தண்ணி. யார் எந்த மதம் என்றெல்லாம் பார்ப்பதில்லை. எல்லாரும் ஆறி அமர்ந்து ஏறி, மலைக்குப் போய்ச் சேரும்போது பின்னேரக் காற்று வந்து முகிலைக் கலைத்திருக்கும்.

'எப்படி அன்ட்டி இவ்வளவு சரியா முகில் விலகுற நேரம் பார்த்து அனுப்புனீங்க?' என்று எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள்! அதெல்லாம் ஓர் அனுபவம்தான் என்று அவளும் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். தன்னுடைய கெட்டித்தனம் என்றே நம்பியும் இருக்கிறாள்.

"ஆன்ட்டி? இருக்கீங்களா?"

"வேனைத் திருப்புங்க" என்றாள் நிஷ்மியா. "கீழ இறங்குங்க. எந்த வீடு முதல்ல வருதோ, அங்க கேளுங்க. யாரா ஈந்தாலும் பரவாயில்ல."

"நம்ம அத்தை வீடு இருக்கு, தோட்டத்து லயத்துல. ஆனா கொஞ்சம் தூரம் ஆன்ட்டி."

"அங்கயே போங்க. சீக்கிரம். ஆனா வளைவுல மெதுவாப் போங்க."

போன் அடங்கிவிட்டது. நிஷ்மியாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அறைக்குள்ளேயே நடந்தாள். வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது, செத்துப்போன மனிதர் மேல்.

"செல்லிட்டுப் போயிருக்கலாமே!" என்று வாய்விட்டே கேட்டாள். "இன்னும் எங்க எங்க நின்னீங்க? எனக்குத் தெரியாம எத்தனை இடத்துல நின்னீங்க?"

தம்புள்ளைக்கு ஒரு திட்டம், நுவரெலியாவுக்கு ஒன்று, திருகோணமலைக்கு ஒன்று. அத்தனையிலும் அவர் நின்றிருப்பார். இத்தனை வருடம் பக்கத்துச் சீட்டில் இருந்தும் தான் அதைப் பார்க்கவே இல்லையே என்று நினைத்ததும் நிஷ்மியாவுக்கு அழுகை வந்துவிட்டது. தூசி என்று சொல்ல இப்போது யாரும் பக்கத்தில் இல்லை.

கொஞ்ச நேரத்தில் டிலுக்ஷியே எடுத்தாள். இப்போது காற்றுச் சத்தம் இல்லை. அவள் குரல்தான் குளிர்ந்துபோய் இருந்தது.

"வந்து சேர முன்னுக்கே முடிஞ்சு போச்சு. அம்மா உடுப்போட போயிட்டாங்க, வேனுக்குள்ளயே. ட்ரைவர் முன்னுக்கு இருக்கும்போது. எழுபத்திரண்டு வயசு அவங்களுக்கு. எவ்வளவு அவமானம்னு உங்களுக்கு விளங்குதா?"

"விளங்குது மகள். என்னோட பிழைதான்."

"அன்ட்டி, ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரைன்னு கூடக் கேட்டு எழுதினீங்களே. டொய்லட் எங்கன்னு எழுதத் தோணல்லியா உங்களுக்கு?"

"என்னோட பிழைதான்" என்று திரும்பவும் சொன்னாள் நிஷ்மியா. டிலுக்ஷி போனை வைத்துவிட்டாள்.

கதவடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அம்றாவுக்குப் பொறுக்கவில்லை. "வாப்பா மௌத்தானதைச் செல்லியிருக்கலாம் தானே? அவங்களுக்கு அது தெரியவே தெரியாது. அவர்தான் அங்க நிப்பார்னு செல்லியிருந்தா விளங்கிக்குவாங்க."

"செல்லி? ஐயோ பாவம்னு விட்டுடணுமா? ஒரு மனுஷி நனைஞ்சுபோய் இருக்கா. அவட முன்னுக்குப் போய் நான் என்னோட வீட்டு மௌத்தைத் தூக்கிக் காட்டவா?"

அம்றா சமையலறைப் பக்கம் போய்விட்டாள்.

பின்னேரம், அஸர் தொழுகைக்கு முன்னால் வேன் திரும்பி வந்தது. நேரே விடுதிக்குப் போயிருக்க வேண்டியது. ஆனால் கேட்டில் நின்றது. "அந்த அம்மா உங்களைப் பார்த்தே ஆகணுமாம்" என்று ஓடி வந்து சொன்னாள் அம்றா. "டிலுக்ஷி வேனை விட்டு இறங்கமாட்டாளாம்."

மரிய கொறற்றி பெரிய பூப்போட்ட ஒரு கவுனில் உள்ளே வந்தார். ஜெயகாந்தின் அத்தையுடைய கவுன். தோளில் தொளதொளவென்று தொங்கியது. கையில் ஒரு சொப்பிங் பை. அதற்குள் என்ன இருக்கும் என்று நிஷ்மியாவுக்குத் தெரியும். பார்க்காத மாதிரி இருந்தாள்.

"உட்காருங்க" என்று கட்டிலுக்குப் பக்கத்துக் கதிரையைக் காட்டினாள்.

"உட்காரத்தான் வந்தேன். நின்னு ஏச எனக்கு முழங்கால் சரியில்ல." அவர் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். "நீங்க கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னேன். சீனி வருத்தம் இருக்கான்னு கேட்டீங்க, இருக்குன்னேன். இரவுல எத்தனை தரம் எழும்புவேன்னு கேட்டீங்க. அதையும் சொன்னேன். என் மகள்கூட அதெல்லாம் கேட்டதில்ல. இவ்வளவு கேட்ட மனுஷிக்கு இது எப்படித் தெரியாமப் போச்சு? அதைத்தான் கேட்க வந்தேன்."

போனில் சொல்லாததை நேரில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "அந்த இடத்துல என்னோட ஹஸ்பண்ட் நிப்பாட்டுவார். தொழுறதுக்கு. எல்லாரும் அங்கதான் இறங்கி எல்லாம் முடிச்சுக்குவாங்க. நான் ஒரு நாளும் அதை எழுதினதில்ல. அவர் நிப்பார் தானே."

"அவர் ஏன் இன்னைக்கு வரல்ல?"

நிஷ்மியா சாரித் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள். மரிய கொறற்றி அப்போதுதான் அவளைச் சரியாகப் பார்த்தார். வெள்ளைச் சாரி, ஒரு நகையும் இல்லாத கழுத்து, பகலிலும் இழுத்து மூடிய ஜன்னல் திரை.

"மாதாவே" என்றார் மெதுவாக. "எப்ப?"

"ரெண்டு மாசம்."

"வெளிய போக ஏலாதா?"

"நாலு மாசமும் பத்து நாளும் முடியும் வரைக்கும் எங்கயும் போறதில்ல."

மரிய கொறற்றி கையில் இருந்த பையைக் கீழே வைத்தார். "எனக்கு சில்வெஸ்டரை அடக்கம் பண்ணின கையோட டிக்கட் போட்டுக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. அழுறதுக்கு ஒரு அறைகூடக் கிடைக்கல்ல. மெல்போர்ன்ல பேரப் பிள்ளைங்களோட ஒரே கூத்தும் கும்மாளமும். ஒரு நாள் தலைவலி மாத்திரை தேடுறேன், காணோம். அது எப்பவும் என் தலைமாட்டுல இருக்கும். யார் வைக்கிறதுன்னு நான் யோசிச்சதே இல்ல. அவர்தான் வெச்சிருக்கார், நாற்பது வருஷமா." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "ஒண்ணு ஒண்ணாத்தான் தெரிய வரும். ஆறு வருஷம் ஆச்சு. எனக்கு இன்னும் வந்துட்டே இருக்கு."

அந்த நேரம் அவருடைய கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது நிஷ்மியாவுக்கு. பிடித்தும்விட்டாள்.

"மன்னிச்சிட்டேன்னு நினைச்சுக்காதீங்க" என்றார் மரிய கொறற்றி, கையை இழுக்காமலே. "டிலுக்ஷி அங்க கொதிச்சுப்போய் இருக்கா. திரும்ப எழுதி அனுப்புங்க. எங்க எங்க நிப்பீங்கன்னு ஒவ்வொண்ணா எழுதுங்க. அதைப் பார்த்த பிறகுதான் எங்க பொம்பளைங்ககிட்டக் காட்டுறதா இல்லையான்னு யோசிப்பேன். பதினஞ்சு பேர். எல்லாருக்கும் என் வயசு, என் வருத்தம்தான்."

எழும்பி, கவுனை இழுத்துவிட்டுக்கொண்டு போனார்.

ஜெயகாந்த் அவர்களை விடுதியில் இறக்கி, வேனைக் கொண்டு வந்து வளவுக்குள் நிறுத்திக் கழுவிக்கொண்டிருந்தபோது, அன்ஸார் வந்துவிட்டார். வாங்குகிற மனிதரைக் கேட்டுக்கு வெளியே நிற்க வைத்துவிட்டு, முன் அறையில் வந்து உட்கார்ந்தார். இடையில் திரை.

"மதினி, என்ன முடிவு?"

இன்றைக்கு நடந்தது இந்நேரம் அவர் காதுக்குப் போயிருக்கும் என்று நிஷ்மியாவுக்குத் தெரியும். உக்குவளையில் அப்படித்தான். அதனால்தான் குரல் சுள்ளென்று வந்தது.

"உங்களுக்கு என்ன இவ்வளவு அவசரம் அன்ஸார்? உங்கட கூடப்பொறந்த நானாட கப்ர் மண்கூட இன்னும் காயல்ல. வேனை வித்துட்டு, என்னைக் கொண்டுபோய் உங்கட வீட்டுல ஒரு மூலையில வெச்சிட்டா எல்லாம் சரியா?"

திரைக்கு அந்தப் பக்கம் கதிரை கிறீச்சிட்டது. எழும்பிப் போய்விட்டாரோ என்றுகூட நினைத்தாள்.

"எங்கட கடை சந்தியில தானே ஈக்கு" என்றார் அன்ஸார் கடைசியில். "காலைல இந்த வேன் வந்திச்சு. சத்தத்தைக் கேட்டதும் நான் கல்லாவ விட்டு எழும்பி ரோட்டுக்கு ஓடிட்டேன். கையையும் தூக்கிட்டேன். நானா அந்த இடத்துல ஹோர்ன் அடிச்சிட்டுத்தானே போவார். பார்த்தா வேற ஒருத்தன்." குரல் உடைந்தது. "சனமெல்லாம் பார்த்துக்கிட்டு நிக்குது. நான் கையைத் தூக்கினபடி நிக்கிறேன். எனக்கு ஏலாது மதினி. இது ரோட்டுல ஓடுற வரைக்கும் எனக்கு ஏலாது."

ஐம்பது வயதுக் கடைக்கார மனிதர் விக்கி விக்கி அழுதார். இந்த இரண்டு மாதமும் தனக்கு மட்டும்தான் நுஹ்மான் இல்லாமல் போனார் என்று நிஷ்மியா நினைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்றா" என்று கூப்பிட்டாள். "சாவிய சாச்சாட்டக் குடு."

"உம்மா!"

"குடு மகள்." திரைப் பக்கம் திரும்பினாள். "எடுத்துட்டுப் போங்க அன்ஸார். வேன் அவரோடது, அது போகட்டும். ஆனா வேல என்னோடது. அது போகாது. ஓட்ட வேன் ஊருல எத்தனையோ ஈக்கு."

"அப்ப எங்கட வீட்டுக்கு...?"

"இல்ல. நான் இங்கதான் ஈப்பேன்."

"தனிய எப்படி மதினி?"

"தனிய ஈக்கிறது என்ன பெரிய வேலையா? பழகிக்குவேன். உங்களுக்கு அந்தக் கவல வேணாம்." வேண்டுமென்றே உரக்கச் சொன்னாள். சொல்லும்போது தனக்கே நம்பிக்கை வந்த மாதிரி இருந்தது.

வேன் போகிற சத்தம் கேட்டது. கேட் மூடுகிற சத்தம் கேட்டது. எழும்பிப் பார்க்கவில்லை.

பொழுது சாய்ந்ததும் மஃரிப் தொழுதுவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ரிவர்ஸ்டன் திட்டத்தை முதலில் இருந்து எழுதத் தொடங்கினாள். மாத்தளை. அடுத்து ரத்தோட்டை, ஒரு மணித்தியாலம் நிற்க வேண்டும். பெண்கள் பக்க வாசல் எந்தப் பக்கம், எதிர்க் கடைக்காரர் பெயர் என்ன, எல்லாம் எழுதினாள். நுஹ்மான் செய்ததையெல்லாம் எழுத்தில் போட்டுப் பார்த்தபோது, அவர் நிஜமாகவே இனி வரமாட்டார் என்பது அப்போதுதான் உறைத்தது. ஜனாஸாவைத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்குக்கூட இவ்வளவு உறைக்கவில்லை.

அம்றா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உம்மா, ஒண்டு செல்லணும்."

"செல்லு."

"கட்டார்ல ஒரு ஸ்கூல்ல என்னை எடுத்திருக்காங்க. வாப்பா ஈக்கும்போதே இன்டர்வியூ செஞ்சது. இப்ப சரி வந்திருக்கு. வரல்லன்னு எழுதிட்டேன், ஆனா அனுப்பாம வெச்சிட்டு ஈந்தேன். உங்களை எப்படி விட்டுட்டுப் போறது?" மூச்சை இழுத்துக்கொண்டாள். "இன்னைக்கு சாச்சாட்ட நீங்க செல்லினதைக் கேட்டதும்தான் தைரியம் வந்திச்சு. நீங்க தனிய சமாளிப்பீங்கன்னு."

நிஷ்மியா கண்ணாடியைக் கழற்றினாள். திரும்பவும் போட்டுக்கொண்டாள்.

"எப்ப வரட்டுமாம்?"

"வார மாசம், முதலாம் கிழமை."

இருவருக்கும் கணக்குத் தெரியும். இத்தா முடிய அதற்குப் பிறகும் ஒரு மாதத்துக்கு மேல் கிடக்கிறது. ஊரில் யார் யாரையோ எங்கெங்கேயோ வழியனுப்பியவள், பெற்ற மகளை வழியனுப்ப ஏர்போர்ட்டுக்குப் போக முடியாது. கேட் வரைக்கும்கூட முடியாது.

"வேணாம்னா செல்லுங்க உம்மா. நான் அனுப்பிடுறேன், வரல்லன்னு."

போகாதே மகள், நான் சாச்சாவிடம் சொன்னது அத்தனையும் பொய், எனக்கு இந்த வீட்டில் தனியே இருக்கப் பயம் என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. நிஷ்மியா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"யாரு செல்ற வேணாம்னு? இந்த வயசுல போகாம எப்பப் போறது? உன்னோட வயசுல நான் ஏர்போட்டுக்கு வெளிய நின்னு பிளேன் பார்த்துட்டு வந்தவ." கண்ணாடியை முந்தானையால் துடைத்தாள். "சாச்சாவக் கூட்டிட்டுப் போகச் செல்லு. அவருக்கும் மனசுக்கு நல்லது. விடியமுன்ன வெளிக்கிடணும். குருநாகல்ல ஒருக்கா நிப்பாட்டச் செல்லு. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வேணாம், அதைத் தாண்டி, குளத்துப் பக்கமா ஒரு சாப்பாட்டுக் கடை ஈக்கு. பொம்பளைகளுக்குப் புறம்பா டொய்லட், துப்பரவா ஈக்கும். பசிக்கல்லன்னு செல்லாம ஏதாச்சும் திண்டுக்க. வெறும் வயித்துல போனா உனக்குத் தலையிடி வரும்."

"உம்மா..."

"எழுதிக்க மகள். பிறகு மறந்துடுவாய்."

அம்றா போனை எடுத்தாள். கண் நிறைந்து போய் அவளுக்குத் திரையே தெரியவில்லை. விரல் சும்மா அசைந்தது.

"எழுதிட்டியா?" என்று கேட்டாள் நிஷ்மியா.

"எழுதிட்டேன் உம்மா" என்று பொய் சொன்னாள் அம்றா.